முட்டி மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா வாக்கரை ஒதுக்கிவிட்டுச் சுவரைப் பிடித்து நடக்கிறார்

கேள்வி: மீனா, காரைக்குடி

வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. வலது முட்டியில் மூட்டு மாற்று ஆபரேஷன், மதுரையில் நடந்தது. இப்போது மூன்றாவது வாரம். தையல் பிரித்தாயிற்று, புண் ஆறிவிட்டது, காய்ச்சல் ஏதும் இல்லை. ஆஸ்பத்திரியில் மறுநாளே வாக்கரைக் கொடுத்து நடக்க வைத்தார்கள். அங்கே வராந்தாவில் நன்றாகத்தான் நடந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் பிரச்சினை.

எங்களுடையது பழைய காலத்து வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளமாகப் போகும். ஒவ்வொரு வாசலிலும் உயரமான நிலைப்படி. தரை முழுக்க ஆத்தங்குடிக் கல், ஈரம் பட்டால் வழுக்கும். பாத்ரூம் இரண்டாம் கட்டில் பின்னாளில் சேர்த்துக் கட்டியது, கதவு இரண்டடி இருந்தால் அதிகம். வாக்கர் நேராக நுழையாது. அதனால் அம்மா வாக்கரை வெளியே நிறுத்திவிட்டு, கதவைப் பிடித்து, அப்புறம் சுவரைப் பிடித்து, கடைசியில் வாளி விளிம்பைப் பிடித்து உள்ளே போகிறார். பின்னால் நிற்கிற எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது.

பார்க்க வருகிறவர்கள் வேறு. "இன்னுமா ஆச்சி இதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீக? எங்க சம்பந்தியம்மா பத்தே நாள்ல கம்போட கோயிலுக்குப் போயிட்டாக" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அன்று முழுக்க அம்மா வாக்கரைத் தொட மாட்டார். "இதையே பிடிச்சுக்கிட்டிருந்தா கால் இதுக்கே பழகிப் போயிரும்" என்பதுதான் அவருடைய ஒரே பதில். நேற்றுப் பரணில் இருந்த அப்பாவின் கைத்தடியை எடுக்கச் சொன்னார். அதை வலது கையில் ஊன்றி நடக்கிறார். ஆபரேஷன் ஆன பக்கம்தானே தாங்கல் வேண்டும் என்று கேட்கிறார். நடக்கும்போது உடம்பு வலது பக்கமாகச் சாய்கிறது.

வாக்கரை எப்போது விடலாம்? கம்பு எந்தக் கையில்? முகப்பிலிருந்து தெருவுக்கு இறங்க நாலு படி இருக்கிறது, கைப்பிடி கிடையாது. அதில் எப்படி இறக்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். திட்டியும் பார்த்தாயிற்று, கெஞ்சியும் பார்த்தாயிற்று.

பதில்: விஜயா டீச்சர், திருச்சி

மீனா, எனக்குப் போன வருடம் இடது முட்டியில் இதே ஆபரேஷன் நடந்தது. அம்மாவின் மனசு எனக்குப் புரிகிறது. வாக்கரைப் பார்த்தாலே நமக்கு வயசாகிவிட்டது என்று யாரோ சொல்வது போல இருக்கும். திட்டினால் இன்னும் பிடிவாதம்தான் வரும்.

என் மகள் ஒன்று செய்தாள். வாக்கரின் முன் கம்பியில் ஒரு துணிப்பையைக் கட்டிவிட்டாள். போன், கண்ணாடி, மாத்திரை டப்பா, மூடி போட்ட சின்னத் தண்ணீர் பாட்டில், எல்லாம் அதில்தான். வாக்கரை விட்டுப் போனால் கையில் ஒன்றும் இருக்காது. மெள்ள மெள்ள அது என் சாமான் வண்டி ஆகிவிட்டது, வெறுப்பும் போய்விட்டது. ஆனால் பை கனமாக இருக்கக் கூடாது, முன்பக்கம் சாய்த்துவிடும். சூடான காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதே கூடாது. யாராவது கொண்டுவந்து கொடுங்கள்.

இன்னொன்று உடை. இந்தச் சமயத்தில் புடவை வேண்டாம். கொசுவம் வாக்கர் காலுக்கு அடியில் மாட்டும். கணுக்காலுக்கு மேலே நிற்கிற மாதிரி நைட்டியைச் சுருக்கித் தைத்துக் கொடுங்கள். ரப்பர் செருப்பும் வேண்டாம், பின்னால் வார் வைத்த செருப்புதான் காலோடு நிற்கும். அப்புறம் தரையில் கிடக்கிற மிதியடி எல்லாவற்றையும் சுருட்டி உள்ளே வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் முதல் வேலையாக அதைத்தான் செய்தோம்.

வருகிறவர்கள் பேச்சுக்கு நீங்களே முந்திக்கொண்டு, "டாக்டர் கண்டிப்பா வாக்கர்லதான் நடக்கணும்னு சொல்லியிருக்கார்" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். டாக்டர் பெயரைச் சொன்னால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

பதில்: பிசியோ செந்தில், மேலூர்

சகோதரி, நான் பிசியோதெரபிஸ்ட். மதுரை, மேலூர், திருப்பத்தூர் பக்கம் வீடுகளுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். உங்கள் அம்மாவை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன், அதனால் டிஸ்சார்ஜ் சீட்டில் டாக்டர் வேறு விதமாக எழுதியிருந்தால் அதுதான் கணக்கு.

முதலில் கம்பை இன்றைக்கே இடது கைக்கு மாற்றுங்கள். வலது முட்டி ஆபரேஷன் என்றால் கம்பு இடது கையில்தான். நாம் சாதாரணமாக நடக்கும்போதே வலது கால் முன்னால் போனால் இடது கைதான் முன்னால் வீசும். கம்பும் வலது காலும் சேர்ந்து தரையைத் தொட வேண்டும். அப்போது வலது காலில் இறங்குகிற பாரத்தில் ஒரு பங்கை இடது கை வாங்கிக்கொள்ளும், உடம்பு நடுவில் நிற்கும். வலது கையில் பிடித்தால் ஆள் அந்தக் காலின் மேலேயே போய்ச் சாய்வார். நீங்கள் பார்த்த சாய்வு அதுதான்.

அப்பாவின் கைத்தடி அவருடைய உயரத்துக்கு வாங்கியது. அம்மாவைச் செருப்புப் போட்டு நிமிர்ந்து நிற்க வைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள். மணிக்கட்டில் உள்பக்கம் ஒரு மடிப்பு ரேகை இருக்கிறதல்லவா, கம்பின் கைப்பிடி அந்த உயரத்தில் இருக்க வேண்டும். பிடித்து ஊன்றும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கும், ஏறக்குறைய 20, 30 டிகிரி. கம்பு உயரமாக இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், குட்டையாக இருந்தால் கூன் விழும். வாக்கருக்கும் இதே அளவுதான். நாலு காலிலும் பட்டன் இருக்கும், அழுத்தி ஏற்றி இறக்கலாம். நாலும் ஒரே ஓட்டையில் நிற்கிறதா, பட்டன் முழுக்க வெளியே துருத்திக்கொண்டு வந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். பாதி வந்த பட்டன் பாரம் விழும்போது சட்டென்று உள்ளே போய்விடும். நான் போகிற பல வீடுகளில் வாக்கர் ஆஸ்பத்திரியில் நிறுத்திய உயரத்திலேயே இருக்கும், அதுவும் வேறு யாருக்கோ நிறுத்தியது.

இது கம்பைப் பற்றி. ஆனால் கம்புக்கு இப்போது நேரம் வந்துவிட்டதா என்பது தனிக் கேள்வி. அதற்குக் காலண்டரைப் பார்க்காதீர்கள், நடையைப் பாருங்கள். சிலர் இரண்டு மூன்று வாரத்தில் கம்புக்கு மாறுவார்கள், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும், இரண்டுமே சரிதான். அம்மா வாக்கரில் நடக்கும்போது பின்னாலிருந்து பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பக்கத் தோள் இறங்குகிறதா? பக்கத்திலிருந்து பாருங்கள். வலது குதிகால் தரையைத் தொடும்போது முட்டி நீளுகிறதா, மடங்கியபடியே இருக்கிறதா? கட்டிலில் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்காமல் வலது காலை நேராகத் தூக்கி நிறுத்த முடிகிறதா? சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு வலது காலில் மட்டும் ஒரு கணம் நின்றால் இடுப்பு ஒரு பக்கம் சரிகிறதா? தோள் இறங்கினாலோ, இடுப்பு சரிந்தாலோ, முட்டி நீளாவிட்டாலோ வாக்கர்தான். இவ்வளவும் சரியாக இருந்தாலும் டாக்டரோ உங்கள் பிசியோவோ பார்த்துச் சொன்ன பிறகுதான் கம்பு.

"கால் வாக்கருக்கே பழகிவிடும்" என்று அம்மா சொல்வதை நான் வாரம் ஒரு வீட்டிலாவது கேட்கிறேன். அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் வலி தாங்காமல் அவர் எத்தனையோ வருடம் நொண்டி நொண்டி நடந்திருப்பார். முட்டி புதிதாக வந்துவிட்டது, ஆனால் அந்த நொண்டல் இடுப்பிலும் தொடையிலும் அப்படியே இருக்கிறது. இந்தச் சில வாரங்களில் சரியான நடையைப் பழகாவிட்டால் புது முட்டியோடு பழைய நடையே தங்கிவிடும். வாக்கர் இருக்கும்போதுதான் பயமில்லாமல் குதிகால், பாதம், விரல் என்று வரிசையாக ஊன்றி நடக்க முடியும். சுவரைப் பிடித்து நடப்பவர் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு, காலை இழுத்து இழுத்துத்தான் வைப்பார். அதில் நடை தேறவே தேறாது. பழகக் கூடாதது நொண்டல்தான் ஆச்சி என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், கேட்டுக்கொள்கிறார்கள்.

வாக்கரில் வரிசை இதுதான்: வாக்கர் முதலில், ஒரு அடி தூரத்துக்குள். நாலு காலும் தரையில் உட்கார வேண்டும். பிறகு ஆபரேஷன் கால், வாக்கரின் நடுவரைக்கும். பிறகு நல்ல கால். முன் கம்பிக்கு ஒட்டிப் போய்விட்டால் பின்னால் மல்லாந்து விழுகிற ஆபத்து உண்டு. ரொம்பத் தள்ளி வைத்துவிட்டு எட்டிப் பிடித்தால் குப்புற விழலாம். எழுந்திருக்கும்போது வாக்கரைப் பிடித்து இழுத்து எழக் கூடாது, அது ஆள் மேல் கவிழும். நாற்காலியின் கைகளை அழுத்தி எழுந்து, நின்ற பிறகு வாக்கரைப் பிடிக்க வேண்டும். உட்காரும்போதும் பின்னால் நகர்ந்து, நாற்காலி காலில் இடித்த பிறகு, கையால் நாற்காலியைத் தொட்டு, ஆபரேஷன் காலை முன்னால் நீட்டியபடி உட்கார வேண்டும். கை இல்லாத ஸ்டூலும், தாழ்ந்த சோபாவும், வழுக்கும் தரையில் லேசான பிளாஸ்டிக் நாற்காலியும் வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். நிலைப்படி நிலைப்படியாகத் தாண்டி முகப்புக்கும் கொல்லைக்கும் போய்வர வேண்டிய அவசியம் இப்போதைக்கு இல்லை. கட்டிலைப் பாத்ரூம் இருக்கிற இரண்டாம் கட்டுக்கே கொண்டுபோங்கள். ராத்திரி எழுந்து போகும்போது விழுகிறவர்கள் உண்டு, தூக்கக் கலக்கமும் வலி மாத்திரையும் சேர்ந்துகொள்ளும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே கமோடு நாற்காலி ஒன்று போட்டுவிட்டால் ராத்திரி நடையே வேண்டாம். ஒரு சின்ன விளக்கும் எரியட்டும். நிலைப்படியைத் தாண்டியே ஆக வேண்டும் என்றால் வாக்கரை ஒட்டி வைத்து, அதை முழுக்க அந்தப் பக்கம் வைத்துவிட்டு, நல்ல கால் முதலில், பிறகு ஆபரேஷன் கால். நீங்கள் அவருக்கு வலது பக்கம், அரை அடி பின்னால் நிற்க வேண்டும். அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டாம், இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

குறுகலான பாத்ரூம் கதவுக்குப் பக்கவாட்டு நடை இருக்கிறது. கதவுக்கு நேராக நிற்காமல் பக்கம் திரும்பி நின்று, வாக்கரைப் பக்கவாட்டில் உள்ளே நகர்த்தி, ஒவ்வொரு காலாகப் பக்கத்தில் எடுத்து வைக்க வேண்டும். உள்ளே அதற்கும் இடமில்லை என்றால் கதவையொட்டி உள்சுவரில் ஒன்று, கமோடுக்குப் பக்கத்தில் ஒன்று என்று எவர்சில்வர் கைப்பிடிக் கம்பி வையுங்கள். கொத்தனாரையோ பிளம்பரையோ வைத்துச் சுவரில் ஆழமாகத் துளைபோட்டு மாட்ட வேண்டும். துண்டு போடுகிற கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது. வாளி விளிம்பு எதையுமே தாங்காது. குளியல் உட்கார்ந்துதான். அவர் உள்ளே போகும் முன் தரையைத் துடைத்து உலர வைத்துவிடுங்கள், குளித்து முடித்ததும் இன்னொரு தடவை. நாட்டுக் கக்கூஸ் மட்டும்தான் என்றால் அதன் மேல் போடுகிற ஓட்டை நாற்காலி சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும். குத்துக்காலிடுவதும் சம்மணம் போடுவதும் வேண்டாம்.

நாலு படிக்கு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். ஒரு படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்த பிறகுதான் அடுத்த படி. வாக்கரைப் படியில் வைக்கவே கூடாது. நாலு படிதானே என்று விட்டுவிடாமல் ஒரு பக்கமாவது இரும்புக் குழாயில் கைப்பிடி போடச் சொல்லுங்கள், வெல்டிங்காரருக்கு ஒரு நாள் வேலை. ஒரு கை கைப்பிடியில், மறு கை கம்பில். கூட வருகிறவர் எப்போதும் அவருக்குக் கீழ்ப்படியில் இருக்க வேண்டும், ஏறும்போது பின்னால், இறங்கும்போது முன்னால்.

பதில்: சுப்பையா, தேவகோட்டை

பிசியோ தம்பி விரிவாகச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரிக்கு இரண்டு முட்டியும் ஒன்றாகச் செய்தார்கள். அப்படிச் செய்தவர்களுக்கு நல்ல கால் என்று ஒன்று இல்லாததால் வாக்கர் கூடுதல் நாள் வேண்டியிருக்கிறது. கம்புக்கு மாறும்போது எந்தக் கால் இளைப்பாக இருக்கிறதோ அதற்கு எதிர்க் கையில் பிடிக்கச் சொன்னார்கள்.

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. வாக்கர் காலுக்கு அடியில் ரப்பர் புஷ் இருக்கும். எங்களுக்குத் தெரிந்தவர் வீட்டில் சும்மா இருந்த வாக்கரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கவிழ்த்துப் பார்த்தால் ஒரு காலில் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கிற குழாய் வட்டமாகத் தெரிகிறது. மற்ற மூன்றிலும் அடிக்கோடுகள் மழுங்கிப் போயிருந்தன. ஆத்தங்குடிக் கல்லில் அந்த இரும்பு விளிம்பு பட்டால் சறுக்கிக்கொண்டு போகும். புஷ் தனியாகவே சர்ஜிக்கல் கடையில் விற்கிறார்கள், குழாயின் கனத்தைச் சொல்லி வாங்க வேண்டும். நாலையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் ஆடும். கம்புக்கும் அப்படியே. பழைய மரக் கைத்தடியில் ரப்பரே இருக்காது, பித்தளைப் பூண்தான் இருக்கும். அதை இந்தத் தரையில் ஊன்றவே கூடாது.

கமோடு நாற்காலியை மாத வாடகைக்கும் தருகிறார்கள், கேட்டுப் பாருங்கள். வசதி இல்லாதவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் என்று 2017-இல் தொடங்கியது ஒன்று இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள, 60 வயது தாண்டிய, நடமாட்டம் குறைந்தவர்களுக்குக் கைத்தடி, வாக்கர், சக்கர நாற்காலி எல்லாம் முகாம் போட்டு இலவசமாகக் கொடுக்கிறார்கள். கலெக்டர் ஆபீஸில் விசாரிக்கலாம்.

மீனா, காரைக்குடி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கைத்தடியைக் கவிழ்த்துப் பார்த்தேன், சுப்பையா ஐயா சொன்னது போலவே பூண்தான். திரும்பப் பரணுக்கே போய்விட்டது. கட்டிலை மாற்றிவிட்டோம், வாக்கரையும் ரேகை அளவுக்கு இறக்கினோம், இரண்டு ஓட்டை உயரமாக இருந்திருக்கிறது. "பழகக் கூடாதது நொண்டல்தான்" என்று பிசியோ அண்ணன் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பதில் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சாயங்காலம் வளவுத் தாழ்வாரத்தில் வாக்கரோடு ஒரு சுற்று வந்தார்.

அண்ணே, பக்கத்திலிருந்து பார்த்தேன். வலது முட்டி முழுக்க நீளவில்லை. படுக்கும்போது முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்கிறார். அதனாலா? அப்புறம், அடுத்த சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டி போக வேண்டும் என்று இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பிசியோ செந்தில், மேலூர்

அந்தத் தலையணையை இன்று ராத்திரியே எடுத்துவிடுங்கள். முட்டிக்கு அடியில் வைத்தால் சுகமாக இருக்கும், அதனால்தான் எல்லோரும் வைக்கிறார்கள். ஆனால் மடங்கிய நிலையிலேயே பின்பக்கச் சதை இறுகிவிடும். பிறகு அந்தக் கால் குட்டையானது போல நடை நொண்டும், எந்தக் கம்பைக் கொடுத்தாலும் சரியாகாது. பகலில் சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டிக்குக் கீழே வெற்றிடம் இருக்கிற மாதிரி காலை நீட்டிப் படுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போல, நாளைக்கு மூன்று நாலு தடவை. முட்டியைக் கட்டிலை நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணி விட வேண்டும். வலிக்கும், "சரிம்மா, இன்னும் ஒண்ணு" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். நடந்து வந்த பிறகு வீக்கம் இருந்தால் துணியில் சுற்றிய ஐஸ் 15, 20 நிமிடம். ஆடுசதையில் புதிதாக வலி, காலில் வடியாத வீக்கம், புண்ணில் நீர், காய்ச்சல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ காத்திருக்கவே கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிள்ளையார்பட்டி ஆசை நல்ல ஆசை. அதை வைத்தே அவரை நடக்க வைக்கலாம். டாக்டர் சரி என்றால், கூட்டம் குறைவான நாளாக ஒரு காலை நேரத்தில் போங்கள், சதுர்த்தி அன்றே போக வேண்டாம். ஆட்டோ வேண்டாம், கார்தான். முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிவிட்டு, முதுகை சீட்டுக்குக் காட்டி உட்கார வைத்து, பிறகு இரண்டு காலையும் ஒவ்வொன்றாக உள்ளே திருப்புங்கள். வாக்கரை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். வெறுங்காலில் வழுக்குகிற கல்தரை, அபிஷேகத் தண்ணீர் எல்லாம் இருக்கும், அதனால் கூட இரண்டு பேர். தரையில் உட்கார வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள், அங்கே போன பிறகு சொன்னால் கேட்க மாட்டார்.

அடுத்த ரிவ்யூவுக்கு மதுரை போகும்போது வாக்கரையும், புதிதாக வாங்குகிற அலுமினியக் கம்பையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். டாக்டர் முன்னால் இரண்டிலும் நடந்து காட்டட்டும். முட்டி எவ்வளவு நீளுகிறது, எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்த அளவு தெரிந்தால் இங்கே போடுங்கள், அடுத்து என்ன பயிற்சி என்று எழுதுகிறேன்.